பழைய அறைகள்: மாற்றமில்லை

"இன்னைக்கு மார்க்கெட்ல ஒரு நல்ல மனுஷனைப் பார்த்தேன் மிரு" என்று அக்கா போனில் சொன்னபோது நான் அலுவலகத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாரணி அக்காவுக்கு உலகத்தில் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான். கீரை விற்பவர், சிலிண்டர் போடுகிறவர், தப்பான நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டு ஸாரி சொல்பவர் என்று யாரையும் விடமாட்டாள். அதனால் 'உம்' கொட்டிக்கொண்டே ஊறுகாயைத் தேடினேன்.

"பை அறுந்து தக்காளியெல்லாம் உருண்டு ஓடிருச்சு. ஒருத்தரு ஓடி ஓடிப் பொறுக்கிக் குடுத்தாரு. தேங்க்ஸுங்கன்னேன். அவரு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு. 'என்னைத் தெரியலையா தாரணி'ன்னாரு. இல்லீங்களே, யாருங்கன்னேன். மறுக்காவும் 'நெசமாவே தெரியலையா'ன்னு கேக்கறாரு. காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவராமா."

"பேரென்னவாம்?"

"கேக்கோணும்னே தோணலை பாரு. நல்ல ஒசரம். இடது புருவத்துக்குக் குறுக்கால ஒரு தழும்பு. வலது கையில சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. பாவம், எந்த மெஷின்ல மாட்டுச்சோ. சாயங்காலம் ஊட்டுக்கு வர்றேன்னாரு. வடை சுடலாம்னு உளுந்து ஊறப் போட்டிருக்கேன்."

டிபன் டப்பாவை மூடினேன்.

புருவத் தழும்பும் அரைச் சுண்டுவிரலும் உள்ள ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். யுகேந்திரன். அக்காவின் முன்னாள் கணவன். நாலு வருஷம் அவளை விதவிதமாக அடித்தவன். ஐந்தாவது வருஷம், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று, துணி துவைக்கிற கல்லில் அவள் தலையைப் பிடித்து மோதியவன். ஜெயிலுக்குப் போனான். எப்போது வெளியே வந்தான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவனைத்தான் அக்கா நல்ல மனுஷன் என்கிறாள். அவனுக்குத்தான் உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.

விளையாடுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அக்கா பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். விளையாட்டுக்குக்கூடத் தப்பு விடை சொல்லமாட்டாள். 

"அக்கா, கதவைத் திறக்காதே."

"ஏன்டி?"

அங்கேதான் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கவுன்சிலிங் கொடுக்கும் அம்மா ஒருவர் வந்து, பழசைக் கிளறாதீர்கள், அவள் எதிரில் அவனைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குடும்பம் எதையும் அரைகுறையாகச் செய்யாது. அப்பா கல்யாண ஆல்பத்தைக் கொளுத்தினார். அம்மா கூறைப்புடவையைக் கோயிலில் கொடுத்தாள். பொள்ளாச்சி வீட்டை விட்டுவிட்டு வடவள்ளிக்குக் குடிவந்தோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் யுகேந்திரன் என்றே பெயர் வைத்துத் தொலைத்திருந்தார்கள்; அவனை எல்லாருமாகச் சேர்ந்து 'குட்டி' ஆக்கினோம். முதல் வருஷம் அக்கா தூக்கத்தில் அலறுவாள். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. தங்கம்போல் தேறிவிட்டாள் என்று அம்மா பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். ஒருநாள் அக்கா, "எனக்கு எப்படிம்மா தலையில அடிபட்டது?" என்று கேட்டாளாம். அவளே மறக்கப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று அம்மாவும், "வழுக்கி உளுந்துட்டே கண்ணு" என்று சொல்லிவைத்தாள்.

"நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

"போடி. தேடி வர்றவங்களை வெளிய நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

கல்லில் மோதியதில் அக்காவின் மூளையில் நினைவு தங்கும் இடம் செத்துப்போயிற்று. 'நிலைநினைவு' ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி வைத்தார்கள். மிச்சமிருந்த பழைய நினைவுகளை அதில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாமும் அதில்தான் பதிகிறது. அக்காவைப்போல் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். அவளுக்காகவே நான் கருவியைச் செய்யும் நிறுவனத்தின் சரவணம்பட்டி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் காலையில் ஒவ்வொரு நோயாளியின் போனுக்கும் ஓர் அறிக்கை போகும். புது அறைகள், தப்பிய அறைகள், பழைய அறைகள். எதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மூன்றே வரி. அந்த மூன்று வரியைப் போடும் நிரல் என்னுடையது.

அக்காவின் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். பழைய அறைகள்: மாற்றமில்லை. முந்தின நாளும் அதேதான். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன், இரண்டு வருஷமாக மாற்றமில்லை. ஒரு மனுஷியின் பழைய நினைவு இரண்டு வருஷம் அப்படியே இருக்குமா என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. உறைக்காதது மட்டுமில்லை, பெருமையாக வேறு இருந்தது.

பெனடிக்ட் சார் அறைக்கு ஓடினேன். இடம் நிரம்பிவிடாமல் இருக்கக் கருவி தினமும் தானாகச் சின்னச் சுத்தம் செய்துகொள்ளும்; அந்தப் பகுதியை எழுதியவர் அவர். கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், சின்னச் சுத்தம் பழைய அறையைத் தொடுமா?"

"தொடும்" என்றார் சாதாரணமாக. "உள்ளே இருக்கிறதெல்லாம் ஒரே அளவு அறைதானேம்மா. எதுக்கும் நிரந்தரப் பெயர் கிடையாது. இன்னைக்கு நடந்ததெல்லாம் ஒரு அறையில விழும், அது புது அறை. சுத்தத்துல பிழைச்சா வேற அறைக்கு மாறும், அது தப்பினது. நாலஞ்சு தடவை பிழைச்சா பழசு. பழசு ரொம்ப நிரம்பிடுச்சுன்னா, சின்னச் சுத்தம் போற போக்குல பழைய அறையிலயும் நாலஞ்சைச் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகும். எதுல குப்பை அதிகமோ அதை முதல்ல. இல்லைன்னா ஆளைப் படுக்கவெச்சு மயக்கம் கொடுத்துப் பெரிய சுத்தம் பண்ணணும். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு யார் வருவா?"

"குப்பைன்னா?"

"இன்னைக்கு நினைப்பிலேர்ந்து ஒரு கயிறு பிடிச்சுப் போனா அந்த நினைவை எட்டணும். ஒரு பேச்சு, ஒரு போட்டோ, ஒரு பேரு, ஏதோ ஒரு கயிறு. எதைப் பிடிச்சும் எட்ட முடியலைன்னா அது குப்பை. யாருக்கும் வேண்டாததுதானே அப்படிக் கிடக்கும்?"

 நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"என் அறிக்கையில அது வரலியே சார்."

"நீ எந்த நம்பரை எடுக்கிறே?"

"சுத்தம் முடிஞ்சதும் மீதி எவ்வளவுங்கிறதை. டாக்டருங்கதான் அப்படிக் கேட்டாங்க. அப்பப்ப ஏறி இறங்கற நம்பரைக் காட்டினா நோயாளிங்க பயந்துக்கிறாங்களாம்."

"பழைய அறைக்கு எந்தச் சுத்தத்தை வெச்சு எடுக்கிறே?"

"பெரிய சுத்தத்தை" என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. சின்னச் சுத்தம் முடிந்தால் என் நிரல் புது அறை, தப்பிய அறை இரண்டின் கணக்கை மட்டும் திருத்தும். பழசைப் பெரிய சுத்தம்தான் தொடும் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். அக்காவுக்குப் பெரிய சுத்தம் நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்றைய மீதியைத்தான் தினமும் காலையில் புத்தம்புதிதாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெனடிக்ட் சாரின் முகமும் மாறிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார். அக்காவின் கருவியை அவர் கணினியில் திறந்து அறை அறையாகப் பார்த்தார். பழைய அறைகளில் பாதிக்கு மேல் காலி செய்யப்பட்டிருந்தன.

"திருப்பி எடுக்க முடியுமா சார்?"

"முடியாதும்மா. அந்த அறைகளை அன்னைக்கே வேற நினைவுக்குக் கொடுத்துடும். இதோ, இந்த அறையில இப்போ போன மாசம் உங்க அக்கா கத்துக்கிட்ட கோலம் இருக்கு. இதுல தக்காளி விலை."

"அஞ்சு வருஷம் காணாமப் போயிருக்கு சார். ஒரு கல்யாணமே போயிருக்கு. அவளுக்கே தெரியாதா?"

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே தேடுவாங்க? மனசு ரெண்டு ஓரத்தையும் இழுத்துத் தச்சுக்கும்." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிருதுளா, இதை வெளியே சொல்லிடாதே. பதினோராயிரம் குடும்பம். எதை எதைத் தொலைச்சாங்கன்னு ஆளாளுக்குத் தேட ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பாவும் அம்மாவும் உடுமலையில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தார்கள். அக்கா போனை எடுக்கவில்லை. சிக்னலில் நின்றபடி போலீசுக்குப் பேசினேன். அவன் ஜெயிலுக்குப் போனதைச் சொன்னேன். "இப்ப அந்த ஆள் என்னங்க பண்ணுனாரு?" என்று கேட்டார்கள். தக்காளி பொறுக்கிக் கொடுத்தார் என்றேன். வேறென்ன சொல்வது? "ஊட்டுக்கு யாருங்க கூப்பிட்டது?" அக்காதான். சரி, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். குரலில் அவசரமே இல்லை. லாலி ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. என்னைத் தவிர எல்லாரும் நிதானமாக இருந்ததாகப் பட்டது. அழுகை வந்தது. பயத்தில் வருகிற அழுகைக்குக் கண்ணீர்கூட ஒழுங்காக வருவதில்லை.

வாசலில் அவன் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்த்து விடப்பட்டிருந்தது.  அவனுக்கு எப்போதும் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சோபாவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். அக்கா எதிர் நாற்காலியில் சிரித்த முகமாக இருந்தாள்.

"வா மிருது. நல்லாருக்கியா?" என்றான்.

"அட, உனக்கும் இவரைத் தெரியுமா?" என்றாள் அக்கா சந்தோஷமாக.

நான் கத்தினேன். எப்படிச் சொல்ல வேண்டும், எதில் ஆரம்பிக்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் நிற்கவில்லை. இவன்தான் உன் புருஷனாக இருந்தவன், இவன்தான் உன் தலையைக் கல்லில் மோதினான், நீ வழுக்கி விழவில்லை, எழுந்து இந்தப் பக்கம் வா. மூன்று வருஷம் வாயில் பூட்டிவைத்ததெல்லாம் தாறுமாறாக வந்து விழுந்தது. அக்கா எழுந்து நின்றாள். ஆனால் அவள் பயந்தது என்னைப் பார்த்து. நான் அப்படிக் கத்தி அவள் பார்த்ததேயில்லை. ஓர் அடி பின்வாங்கி, அவன் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தள்ளி நின்றாள்.

அவன் வடையைத் தட்டில் வைத்து, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தான்.

"தாரணி, பதட்டப்படாதே. உனக்கு ஒரு கருவி வெச்சிருக்கு, தினமும் ரிப்போர்ட் வருதுன்னு இப்பத்தானே காட்டுனே? இன்னொருக்கா எடு. பழைய நினைவுக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

அக்கா போனைப் பார்த்தாள். "மாற்றமில்லை."

"நான் உன்னைக் கல்லுல மோதியிருந்தா உனக்கு ஞாபகம் இருக்குமா, இருக்காதா? ஒண்ணுமே காணாமப் போகலைன்னு அதுலயே இருக்கு. அந்தக் கணக்கைப் போடறது யாருன்னு சொன்னே?"

"மிருதான்."

"அப்ப இவ பொய் சொல்றது இப்பவா, காலையிலயா?"

அந்தக் கேள்விக்காகவே அவன் வந்தது மாதிரி இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். 

"காலையிலக்கா" என்றேன். "நேத்தும் பொய். ரெண்டு வருஷமாப் பொய். எனக்குத் தெரியாமயே பொய். உன்ற பழைய நினைவு பாதிக்கு மேல போயிருச்சு. நாங்க யாரும் அவனைப் பத்திப் பேசலை. பேசாததனாலயே போயிருச்சு."

அவன் சிரித்தான். "பாத்தியா? வசதிக்குத் தகுந்த மாதிரி."

அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையலறையில் எண்ணெய் காய்ந்து புகைகிற வாசனை வந்தது. அவளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் அவனுக்கும் எனக்கும் நடுவில் நிற்காமல், வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரு சந்தேகமுங்க" என்றாள் அவனிடம். "ஒண்ணுமே போகலைன்னா, உங்களை எனக்கு ஏனுங்க தெரியலை?"

அவன் வாயைத் திறந்தான்.

"காலேஜ்ல ஒண்ணாப் படிச்சோம்னீங்க. என்ற கிளாஸ்ல அத்தனை பேரும் ரோல் நம்பரோட எனக்கு ஞாபகம் இருக்குது. நீங்க எந்த நம்பருங்க?"

"அது... வேற செக்ஷன். நாளாச்சில்ல."

"பேரு சொல்லிக் கூப்பிடற அளவுக்குப் பழக்கம்ங்கறீங்க. ரிப்போர்ட் நெசம்னா உங்களை எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியலை. அப்ப நீங்க சொல்றது பொய். ரிப்போர்ட் பொய்யின்னா, இவ சொல்றது நெசம்." அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "ரெண்டுல எதுன்னாலும் நீங்க எந்திரிச்சு வெளிய போங்க."

அவன் எழுந்தான். எனக்குப் பழக்கமான அந்த முகம் வந்தது. தாடை இறுகி, கண் சுருங்கி. பொள்ளாச்சியில் நாங்கள் எல்லாரும் பார்த்த முகம். அக்கா மட்டும் அதை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்தாள். அவள் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது. அவன் மெதுவாக நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். நான் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, என்னங்க சத்தம் என்றார்கள்.

அவன் அவளைத் தொடவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி, "மறுபடியும் மறந்துருவே இல்ல?" என்றான். "அப்ப வர்றேன்."

கதவைத் தாழ் போட்டுவிட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப எல்லாத்தையும் சொல்லு" என்றாள். சொன்னேன். உப்பு, கல், இரும்பு ஸ்கேல், பூட்டிய குளியலறை, எதையும் விடவில்லை. முதன்முதலாகக் கேட்பவள்போல அலறினாள். முதன்முதலாகத்தான் கேட்டாள். அவளுக்கு அது மறுபடியும் நடந்தது, இந்தத் தடவை நடத்தியது நான்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அவன் மார்க்கெட்டில் உதவி செய்தான், வடை தின்றான், போகச் சொன்னதும் போனான். அதற்குமேல் அவர்கள் எழுத ஒன்றுமில்லை.

பெனடிக்ட் சாரைக் கேட்காமல் மறுநாளே கணக்கைத் திருத்தினேன். பதினோராயிரம் போன்களிலும் பழைய அறைகள் ஒரே காலையில் சரிந்து விழுந்தன. அலுவலகத்தில் எல்லாப் போன் மணியும் அடித்தது. என்னிடம் பேசிய ஒருவர் ஈரோட்டுக்காரர். மகன் குளத்தில் மூழ்கிப் போய்விட்டானாம். கருவி வைத்திருக்கும் மனைவி தாங்கமாட்டாள் என்று அவள் எதிரில் பையன் பேச்சையே எடுப்பதில்லையாம். "போன வாரம் அந்த ரூம்ல இருக்கற சைக்கிள் யாருதுன்னு கேட்டா. ஏதோ கோபத்துல கேக்கறாள்னு நெனச்சனுங்க" என்றார்.  "நான் இப்ப என்னம்மா பண்றது?" என்றார். பேசுங்கள், அவளிடம் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள் என்றேன். அன்று சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

இப்போது தினமும் காலையில் அக்காவுடன் உட்காருகிறேன். "யுகேந்திரன்" என்பேன். அவள் மூச்சு ஒருதரம் நின்று வரும். "சொல்லு, யார் அவன்?" என்பேன். அவள் சொல்வாள். கல்லைச் சொல்வாள், குளியலறையைச் சொல்வாள், அழுவாள். தப்பு விட்டால் திருத்துவேன். முடித்ததும் முகம் கழுவிவிட்டு டியூஷன் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கப் போவாள். திறப்பதற்கு முன் ஜன்னல் வழியாக யாரென்று பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனையும். அறிக்கையைப் பார்ப்பேன். பழைய அறைகள் குறைந்திருக்காது.

நேற்று அவள் அழவில்லை. புடலங்காய் அரிந்துகொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "போதுமா?" என்று சிரித்தாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் பயம். சாயங்காலம் பிள்ளைகள் வந்தபோது அவள் ஜன்னலைப் பார்க்காமலே கதவைத் திறந்தாள்.

அதனால் இன்று காலை, அவன் ஒருநாள் அவள் கையைக் கொதிக்கிற எண்ணெயில் வைத்து அழுத்தினான் என்று சொன்னேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தழும்பைக் காணோமே?" என்றாள். "ஆறிருச்சுக்கா" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.